"இது கவர்மென்ட்டா, பிரைவேட்டா?" எகனாமிக்ஸ் ரிசர்ச் வேலைக்குப் போற பொண்ணோட அப்பாவுக்கு

வணக்கம் சார். உங்க மெசேஜ் பார்த்தேன். பொண்ணு எம்.ஏ. எகனாமிக்ஸ் முடிக்கப் போறா, டெல்லில ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனத்துல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நீங்க பேங்க் எக்ஸாம் எழுதுன்னு சொல்றீங்க. "அது கவர்மென்ட்டா பிரைவேட்டா, அதையாவது சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் இல்ல சார். அந்த வேலைக்கு இருக்கிற மரியாதையும் அதனாலதான், தலைவலியும் அதனாலதான்.

என்.சி.ஏ.இ.ஆர்.னு (நேஷனல் கவுன்சில் ஆஃப் அப்ளைட் எகனாமிக் ரிசர்ச்) ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனத்த எடுத்துக்கோங்க. 1956ல டெல்லில ஆரம்பிச்சாங்க, முதல் டைரக்டர் ஜெனரல் பி.எஸ். லோகநாதன், நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். லாப நோக்கமில்லாத சொசைட்டி. மினிஸ்ட்ரி ஆய்வு செய்யச் சொல்லி காசு தரும், கம்பெனி தரும், வெளிநாட்டு ஃபண்டும் வரும், ஆனா இவங்கள்ல யாரும் முதலாளி கிடையாது. காசு உங்களுது, கணக்கு போடுற முறை எங்களுதுன்னு சொல்ற இடம். சுதந்திரமான நிறுவனம்னா கவர்மென்ட்ட எதிர்த்துப் பேசுறதுன்னு பசங்க நினைக்கிறாங்க, அதெல்லாம் இல்ல, காசு குடுத்தவருக்குப் பிடிக்காத நம்பர் வந்தாலும் மாத்தாம எழுதுறது, அவ்ளோதான்.

ஆனா எழுதிட்டா மட்டும் போதாது. 2011ல மத்திய அரசு கறுப்புப் பணம் எவ்வளவுன்னு மதிப்பிடச் சொல்லி மூணு நிறுவனத்துக்கு வேலை கொடுத்துச்சு, என்.சி.ஏ.இ.ஆர்., அரசு நிதிக் கொள்கைய ஆராயுற என்.ஐ.பி.எஃப்.பி., நிதி நிர்வாகம் சொல்லிக்கொடுக்குற என்.ஐ.எஃப்.எம். வெளிநாட்டுக்குப் போன பணம்னு ஒரு பகுதி மட்டும் பாருங்க. முதல் நிறுவனம் 1980லேர்ந்து 2010க்குள்ள 38,400 கோடியிலிருந்து 49,000 கோடி டாலர் வரைங்குது, என்.ஐ.எஃப்.எம். 1990–2008க்கு 21,648 கோடி டாலர்ங்குது, என்.ஐ.பி.எஃப்.பி. 1997–2009க்கு ஜிடிபில 0.2லேர்ந்து 7.4 சதவீதம்னு முடிச்சுருச்சு. ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு வருஷக்கணக்கு, ஆளுக்கொரு முறை. நியாயமா இதை வெளிய போட்டு, ஏன் வித்தியாசம் வருதுன்னு ஊரே சண்டை போட்டிருக்கணும். மூணு ரிப்போர்ட்டும் 2013–14லயே கைக்கு வந்தாச்சு, இந்த நம்பர் பொதுவெளிக்கு வந்தது 2019ல, அதுவும் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை வழியா. ஆராய்ச்சி பண்ணினவன் கைல பேனா இருந்துச்சு, பீரோ சாவி இல்ல. அதனால பொண்ணு இன்டர்வியூல தைரியமா கேக்கட்டும்: ஸ்பான்சர் பண்றது யாரு, ரிப்போர்ட்ட பப்ளிஷ் பண்ற உரிமை யாருக்கு? நல்ல இடமா இருந்தா இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

வேலை ஏசி ரூம்ல கிராஃப் போடுறது மட்டும்னு நினைக்காதீங்க. நீங்க தென்காசிப் பக்கம், உங்களுக்குச் சொன்னா டக்குனு புரியும். சர்வேக்குப் போறவர் ஒரு வீட்டு வாசல்ல நின்னு "வேலைக்குப் போறீங்களாம்மா"ன்னு கேட்டா, "நான் சும்மா வீட்லதான் இருக்கேன்"ன்னு அந்தம்மா சொல்லும், மடில பீடித்தட்டு இருக்கும். அப்படியே எழுதிட்டு வந்தா மத்திய அரசோட பிஎல்எஃப்எஸ்ங்கிற வேலைவாய்ப்பு சர்வேல கோட் 92, அதாவது வீட்டு வேலை மட்டும். "இந்தப் பீடிக்கு கூலி வருதா, எத்தனை மாசமா சுத்துறீங்க"ன்னு இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா அதே அம்மா கோட் 11, சுயதொழில். பெண்கள் எத்தனை சதவீதம் வேலை பாக்குறாங்கங்கிற நம்பர் இப்படித்தான் ஏறுது இறங்குது, அத வச்சுதான் திட்டத்துக்குக் காசு ஒதுக்குறாங்க. இத மதிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் இந்த வேலை ஒத்துவரும்.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். பயம் நியாயம்தான். ரிசர்ச் அசோசியேட் வேலை பெரும்பாலும் ப்ராஜெக்ட் கான்ட்ராக்ட், ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்தது தேடணும், ஆரம்பச் சம்பளம் பேங்க் ஆபீசர் அளவுக்கு வராது, பிஎச்டி இல்லாம மேல ஏறுறது கஷ்டம். ஃபண்ட் நின்னாலும் ஆபத்து. டெல்லில சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச், 1973லேர்ந்து இருக்கிற பெரிய இடம், வெளிநாட்டு நிதி வாங்குற எஃப்சிஆர்ஏ லைசென்ஸை 2023ல சஸ்பெண்ட் பண்ணி 2024 ஜனவரில ரத்தே பண்ணிட்டாங்க, அங்க இருந்த நிறைய பேர் வெளிய வர வேண்டியதாச்சு. (நல்லா வேலை பாத்தா வேலை போகாதுன்னு நாம பிள்ளைங்களுக்குச் சொல்றது இங்க எடுபடாது.)

அதுக்காக வேணாம்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம்னு வச்சுக்கிட்டு போகட்டும். அந்த அனுபவம் பிஎச்டி அட்மிஷனுக்கு நல்லாவே உதவும், நடுவுல யுபிஎஸ்சி நடத்துற இந்தியன் எகனாமிக் சர்வீஸ் எக்ஸாமும் எழுதலாம், எம்.ஏ. எகனாமிக்ஸ் போதும், வயசு 21லேர்ந்து 30க்குள்ள. அது நீங்க கேக்குற அசல் கவர்மென்ட் வேலையேதான் சார். சென்னைய விட்டு அனுப்ப மனசில்லன்னா எம்ஐடிஎஸ் (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) இருக்கு, பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசையா 1971ல ஆரம்பிச்சது, அங்கயும் ப்ராஜெக்ட் வேலை வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க.

டிகிரி சர்டிபிகேட் எல்லார்கிட்டயும் இருக்கும். பிஎல்எஃப்எஸ் டேட்டாவ ஃப்ரீயாவே டவுன்லோட் பண்ணலாம், அந்த டேட்டாவ அலசுற ஆர் (R) சாஃப்ட்வேரும் ஃப்ரீ. தமிழ்நாட்டுப் பெண்கள் வேலை பத்தி ஒரு டேபிள், அதுக்குக் கீழ நாலு பக்கம் தெளிவான விளக்கம், சர்வே வெயிட் (சர்வேல வந்த ஒரு வீடு எத்தனை வீட்டுக்குச் சமம்ங்கிற எண்) போட மறக்காம, அவளே சொந்தமா எழுதட்டும். எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்க, பார்த்துட்டு எந்தெந்த இடத்துக்கு அப்ளை பண்ணலாம்னு அவகிட்டயே பேசுறேன்.