தை மாதத்தில் தேனீப் பெட்டியைத் திறந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கலாம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தேன். மூன்று நியூட்டன் பெட்டிகள் (ஏழு சட்டம் கொண்ட சின்னத் தேனீப் பெட்டி), இந்தியத் தேனீ, சுற்றிலும் ரப்பர். இரண்டு பெட்டிகளில் ஈ நிறைய இருக்கிறது, மூன்றாவதில் மூன்று தேனடைதான். நானும் குமரி மாவட்டம்தான், மார்த்தாண்டத்துக்கு மேற்கே. பதினோரு வருஷமாகப் பெட்டி வைத்திருக்கிறேன். தொழிலாக இல்லை, பன்னிரண்டு பெட்டிக்கு மேல் போனதும் இல்லை. ஆகவே நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்து ஊர் ஊராக லாரியில் ஏற்றுகிறவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. நம் ஊர் ஈக்கு அது தையிலேயே வந்துவிடும். மார்கழியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் ரப்பர், தையில் செம்பு நிறத்தில் தளிர் விடும். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருகிறது என்று நினைக்கிறவர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். அது பூத்தேன் இல்லை. மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் உண்டு, தளிர் விரிந்து முற்றும் வரை அதில்தான் இனிப்பு கசியும். விரலால் தொட்டு நக்கிப் பாருங்கள். இலை முற்றினால் கதை முடிந்தது. அந்தச் சில வாரங்களுக்குள் எடுப்பதுதான் வருஷத் தேன்.

இப்போது ஒரு கணக்கு. ராணி இட்ட முட்டை வேலைக்கார ஈயாகி வெளியே வர ஏறக்குறைய 20 நாள். வந்த உடனே அது தேனுக்குப் பறக்காது. இரண்டு மூன்று வாரம் புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது, வாசல் காப்பது என்று வீட்டு வேலை பார்க்கும். ஆக, மாசி முதல் வாரத்தில் தளிருக்குப் பறக்கிற ஈ, மார்கழிக் கடைசியில் முட்டையாக இருந்தது. தேன் வரத் தொடங்கியபின் பெட்டியைத் திறந்து ஈ போதவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. தையில் நீங்கள் பார்க்க வேண்டியது தேனை அல்ல, முட்டையை.

திறப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் வாசலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். எதிரே உட்காராதீர்கள், அது அவர்கள் பாதை. உள்ளே போகிற ஈக்களின் பின்னங்காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா? இருந்தால் உள்ளே புழு இருக்கிறது, ராணியும் அநேகமாக இருக்கிறது. சும்மா வந்து சும்மா போய்க்கொண்டிருந்தால் கவனிக்க வேண்டிய பெட்டி அது. வாசலில் செத்த புழுக்கள் இழுத்துப் போடப்பட்டிருந்தால் அதுவும் ஒரு சேதி. ஈயைப் பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் குருவி கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பனிக்காலத்தில் அது பெட்டிப் பக்கமே குடியிருக்கும்.

வெயில் ஏறுமுன், காலை ஒன்பது மணி வாக்கில் திறப்பது என் வழக்கம். தேங்காய் நாரில் லேசாகப் புகை, இரண்டு ஊது போதும். அடை தொங்கும் மரச் சட்டங்களில் ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து வெளியே வைத்துவிட்டால், மற்றவற்றை நசுக்காமல் நகர்த்த இடம் கிடைக்கும். சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடியுங்கள், ராணி தவறி விழுந்தாலும் வீட்டுக்குள்தான் விழும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் அறைகளின் அடிவரை வெளிச்சம் போகும்.

புதிதாக வைத்திருப்பவர்கள் எல்லோரும் ராணியைத் தேடுவார்கள். நானும் தேடினேன். அரை மணி நேரம் தேடி, அடையெல்லாம் ஆறிப்போய், ஈ சினந்து, கையெல்லாம் கொட்டு வாங்கினேன். ராணியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அறையின் அடியில் வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒரு முட்டை நின்றுகொண்டிருந்தால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று பொருள். ஓர் அறைக்கு ஒரு முட்டை. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தால், ராணி போய் நாளாகிவிட்டது, வேலைக்கார ஈயே முட்டை இடுகிறது. அந்தக் கூட்டைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது, மூடிய புழு, அதாவது ஈக்கள் மெழுகு மூடி போட்டுவிட்ட அறைக்குள் இருக்கும் புழு. அடையின் நடுவில் பழுப்பு மூடி இடைவெளி இல்லாமல் பரந்திருந்தால் நல்ல ராணி. அங்கொன்று இங்கொன்றாக ஓட்டை விழுந்திருந்தால் ராணிக்கு வயதாகிவிட்டது, அல்லது நோய். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மூடப்படாத அறையில் புழு நிமிர்ந்து கிடந்து, தலைப்பக்கம் படகு முனை போல மேலே தூக்கி, தோலுக்குள் தண்ணீர் கட்டியது போல் இருந்தால் அது தாய்லாந்தின் பெயரைக் கொண்ட ‘தாய் சாக்புரூட்’ என்கிற வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் நம் பக்கத்திலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், அதைத் தொட்ட கத்தியையும் கையையும் கழுவாமல் அடுத்ததைத் திறக்காதீர்கள்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் வசந்தத்தில் வரோவா உண்ணிக்கு மருந்து போடுவதைப் பார்த்துவிட்டு, அதை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது இத்தாலியத் தேனீக்கான தலைவலி. அந்த உண்ணி ஆதியிலிருந்தே ஆசியத் தேனீயிடம்தான் இருந்தது. நம் ஈ அதைப் பிடித்துக் கடித்துத் தள்ளும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் ஈ அறையில் மட்டுமே பெருகும். நமக்குத் தொல்லை மெழுகுப் புழுவும் எறும்பும். அடிப்பலகையில் சேர்ந்திருக்கும் மெழுகுத் தூளில்தான் மெழுகுப் புழு குடியிருக்கும், வாரம் ஒருமுறை வழித்துப் போடுங்கள். கறுத்துப்போன பழைய அடையில் புழு இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள், ஈ புதிதாகக் கட்டிக்கொள்ளும். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது கூட்டம் பிரிவதைப் பற்றித்தான். தேன் போவது இதில்தான்.

முதல் வருஷம் ஆசையில் நான் தினமும் திறந்தேன். பக்கத்துத் தோட்டத்து மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “மக்களே, அது டிவி பெட்டி இல்ல கேட்டியா, எந்நேரமும் பாத்துட்டு இருக்க” என்றார். கேட்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு காலை பெட்டி காலி. இந்தியத் தேனீ பொறுக்காது, தொல்லை என்று தோன்றினால் கூட்டத்தோடு இடத்தைக் காலி செய்துவிடும். அடுத்த வருஷம் அந்தப் பயத்தில் மூன்று வாரம் தொடவே இல்லை. சரியாகத் தளிர் விட்ட வாரம், பெட்டியில் பாதி ஈ அயனி மர உச்சியில் கொத்தாகத் தொங்கியது. ஏணி எட்டவில்லை. மறுநாள் அதுவும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டீர்கள் அல்லவா? ஏழு நாள். இது வசதிக்குச் சொல்லும் எண் இல்லை. ராணி ஈ வளரும் அறையில் முட்டை இட்டதிலிருந்து சுமார் எட்டாம் நாள் அறையை மூடிவிடுவார்கள். மூடியதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடுவாள். ஏழு நாளுக்கு ஒருமுறை பார்த்தால், மூடுவதற்கு முன் கண்ணில் பட்டுவிடும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும். அதற்கும் முன்னால் ஓர் அறிகுறி உண்டு, ஆண் ஈ அறைகள் கூடும். நம் ஈயின் ஆண் அறை மூடியில் ஊசியால் குத்தியது போல நடுவில் ஒரு துளை இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். அவை நிறையத் தெரிந்தால் அடுத்த வாரம் ராணி அறையை எதிர்பாருங்கள்.

கண்டால் கிள்ளி எடுத்துவிடலாம். ஆனால் கிள்ளுவது மட்டும் போதாது, அவர்கள் மறுபடி கட்டுவார்கள். இட நெருக்கடிதான் முக்கியமான காரணம். ஏழு சட்டத்திலும் ஈ மூடியிருந்தால் அன்றே தேன் அறையை, அதாவது தேன் சேர்க்கும் மேல்பெட்டியை, மேலே ஏற்றுங்கள். வெறும் சட்டத்தை வைத்தால் ஈ மேலே ஏறத் தயங்கும். கீழிருந்து ஓர் அடைத் துண்டை வெட்டி, தேன் அறைச் சட்டத்தில் வாழை நாரால் கட்டி வையுங்கள். இரண்டு நாளில் நாரைக் கடித்துப் போட்டு அடையை ஒட்டிவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில் பெட்டியைப் பிரிக்கலாமா என்றால், நான் பிரிக்க மாட்டேன். பிரிப்பது ஐப்பசி கார்த்திகை வேலை. தையில் பிரித்தால் இரண்டு பெட்டி இருக்கும், இரண்டிலும் தேன் இருக்காது. தேன் அறையை ஏற்றிய நாளிலிருந்து ஈக்குத் தீனியாக வைக்கும் சர்க்கரைப் பாகும் நிறுத்தம், இல்லாவிட்டால் பாகுதான் பாட்டிலில் போகும். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாகுத் தேனுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இனி அந்த மூன்று அடைப் பெட்டி. முதலில் முட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் செய்தித்தாளில் சில துளையிட்டு இடையில் வைத்து, மாலையில் வேறு பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். முட்டை இருந்தால் ராணியைக் குறை சொல்ல வேண்டாம், ஊட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஈ இல்லாத சட்டங்களை எடுத்துவிட்டு, பலகையால் இடத்தைச் சுருக்குங்கள். உங்கள் நல்ல பெட்டி இரண்டில் ஒன்றிலிருந்து, நோய் இல்லை என்று உறுதி செய்தபின், மூடிய புழு நிறைந்த ஓர் அடையை எடுத்து, ஈக்களையெல்லாம் அதன் பெட்டியிலேயே தட்டிவிட்டு, அடையை மட்டும் இதில் வையுங்கள். மூடிய புழுவுக்கு ஊட்ட வேண்டியதில்லை, பன்னிரண்டு நாளுக்குள் அத்தனையும் ஈயாகிவிடும். கொடுத்த பெட்டியிலும் ராணிக்கு முட்டையிட இடம் கிடைத்து நெருக்கடி குறையும். ஒரு வாரம் கழித்து இன்னோர் அடை கொடுக்கலாம். இந்தப் பெட்டிக்கு மட்டும் பாகு தொடரட்டும், சாயங்காலம் இருட்டியபின் ஊற்றுங்கள், வாசலை ஓர் ஈ போகும் அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். பகலில் ஊற்றினால் வாசனை பிடித்துப் பக்கத்துப் பெட்டி ஈக்களே வந்து கொள்ளையடித்துவிடும். இந்த வருஷம் அதில் தேன் எடுக்காதீர்கள்.