சன்னாய் மருயாமா என்ற பழங்கால ஜப்பானிய ஊர் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: இவ்வளவு பெரிய ஊர் எப்படிக் கண்ணில் பட்டது?

வடக்கு ஜப்பானில் அஓமோரி நகரத்தை ஒட்டி பேஸ்பால் மைதானம் கட்டப் போனார்கள். அதற்கு முன்னால் 1992இல் தோண்ட ஆரம்பித்தால் வீடுகள், குப்பைமேடுகள், குழந்தைகளைப் பானையில் வைத்துப் புதைத்த இடங்கள் என்று வந்துகொண்டே இருந்தன. 1994இல் ஆறு தூண்குழிகள் கிடைத்ததும் மைதான வேலையே நின்றது. சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகள் ஜோமோன் எனப்படும் ஜப்பானின் கற்கால மக்கள் வாழ்ந்த ஊர் அது.

கேள்வி: நெல் விளைவித்தார்களா?

இல்லை. மீன், முயல், பறக்கும் அணில், அப்புறம் செஸ்ட்நட். அந்தக் கொட்டைகளின் டிஎன்ஏ ஒன்றுபோல் இருப்பதால், மரங்களைத் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறோம்.

கேள்வி: அந்த ஊரின் படங்களில் வரும், ஆறு தூண்களில் நிற்கும் மரக் கோபுரம் அசலா?

இல்லை, தயவுசெய்து அதை அசல் என்று பகிராதீர்கள். அசலாகக் கிடைத்தது, இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஆறு குழிகளும், அவற்றின் அடியில் மிஞ்சியிருந்த, ஒரு மீட்டர் தடிமனான செஸ்ட்நட் அடிமரங்களும்தான். குழிகளுக்கிடையே சரியாக 4.2 மீட்டர். மரம் உளுத்துப்போகாமலிருக்க அடிப்பகுதியைக் கருக்கியிருக்கிறார்கள், அந்தக் கை நுணுக்கம்தான் எனக்கு மேலே உள்ள மாடிகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இன்று நிற்பது, ரஷ்யாவிலிருந்து மரம் கொண்டுவந்து எழுப்பிய ஊகம்.

கேள்வி: அஓமோரியில் அத்தனை பனி கொட்டுமே, அந்தக் கோபுரம் கூரை இல்லாமல் எப்படி?

கூரை இருந்திருக்கலாம், அதற்காகப் பலர் வாதாடினார்கள். ஆனால் குடியிருப்பு என்று நீங்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கூரையைத் தேடுகிறீர்கள். அது காவல்மேடையா, சடங்குக்கான தூண்களா என்பதைக் குழிகள் சொல்வதில்லை. அதனால்தான் கூரையில்லாமல் மேடைகளோடு கட்டினார்கள், அந்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: தூண் என்றால் கோயில்தானே?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். குழியை வைத்துக் கோயில் கட்டாதீர்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு என்கிறார்களே, இவர்கள் தமிழர்களா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழ்த் தொடர்பைப் பேசியது நெல்லும் இரும்பும் வந்த யாயோய் காலத்தை வைத்து. இந்த ஊர் அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியே முடிந்துவிட்டது. அவர் கருத்தையே பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.

கேள்வி: போய்வர எவ்வளவு செலவாகும்?

பயணம் போய்வந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அங்கே போனால் எதைப் பார்க்கணும்?

மரப்பட்டையால் பின்னிய சின்னப் பை ஒன்று இருக்கிறது, உள்ளே உடைந்த வால்நட் ஓட்டோடு கிடைத்தது. முதலில் அதன் முன்னால் போய் நில்லுங்கள்.