பழைய வெள்ளி விலங்கு உருவங்கள் வெறும் அலங்காரப் பொம்மைகளா?

ஏலத்துக்கு வரும் பழைய வெள்ளி விலங்குகள் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவையா, அவற்றின் வயதை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வெள்ளிப் பொருள்களைச் சேர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய உருவம் கைக்கு வந்தால், அதன் தலை கழல்கிறதா, முதுகு திறக்கிறதா, வாயில் துளை இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழைய உருவங்களில் பலவற்றுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது.

ரஷ்யாவின் மைகோப் புதைமேட்டில் 1897ஆம் ஆண்டு கிடைத்த காளைகள் இதற்கு நல்ல சான்று. கி.மு. 4ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த அந்த நான்கு காளைகளில் இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி. அவை கோர்க்கப்பட்டிருந்த நீண்ட குழாய்களைச் செங்கோல் என்றும் விதானக் கால் என்றும் கருதி வந்தார்கள்; 2022இல் வெளியான ஆய்வோ, ஒரு குழாயின் நுனி வடிகட்டியில் பார்லி மாவுச்சத்து இருந்ததைக் காட்டி, அவை பலர் ஒரே பானையிலிருந்து பீர் உறிஞ்சிய குழல்களாக இருக்கலாம் என்கிறது. ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையான ஈரானிய வெள்ளிக் காளை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதரைப் போல ஆடை உடுத்து, மண்டியிட்டு, கைகளில் மூக்குள்ள பாத்திரம் ஏந்திய அந்த 16.3 செ.மீ. உருவத்தின் வயிற்றுக்குள் கூழாங்கற்கள் கிடக்கின்றன.

பிற்காலத்தில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், நூரம்பெர்க் நகரங்களின் பொற்கொல்லர்கள், தலையைக் கழற்றி மது அருந்தும்படி மான், ஆந்தை முதலிய வடிவங்களில் கிண்ணங்கள் செய்தார்கள். எனக்குப் பிடித்தது, 1750களிலிருந்து லண்டனில் ஜான் ஷுப்பே செய்த பசு வடிவப் பால் குவளை: வளைந்த வால்தான் கைப்பிடி, முதுகு மூடியைத் திறந்து பாலை நிரப்பிச் சாய்த்தால் வாய் வழியாக வரும். மூடியின்மேல் பெரும்பாலும் ஒரு ஈயும் உட்கார்ந்திருக்கும். உள்ளே கையை விட்டுக் கழுவ வழியில்லாத பாத்திரத்தில் பாலை ஊற்றத் துணிந்தவர்களை எண்ணி நான் வியப்பதுண்டு.

வயதை அறிவதில்தான் ஏமாற்றம் மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் ஜெர்மனியின் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய பாணியில் ஏராளமாகச் செய்து, செய்த நகரத்தையும் கொல்லரையும் காட்டும் பழைய முத்திரைகளை ஒத்த கற்பனை முத்திரைகளைக் குத்தின. ஆகவே கவர்ச்சியான முத்திரையை நம்பிவிடாமல், ஓரங்களில் மறைந்திருக்கும் சிறு முத்திரைகளையும் உருப்பெருக்கியால் பாருங்கள். இறக்குமதி வெள்ளிக்கு 1867 முதல் பிரிட்டனில் குத்தப்பட்ட ‘எஃப்’ (F) எழுத்து, அந்தப் பொருள் அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற உண்மையைச் சொல்லிவிடும். 17ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று நான் வாங்கிய ஆந்தையின் கழுத்தடியில் அந்த எழுத்து இருந்தது. தலை இன்றும் அழகாகக் கழல்கிறது; அதில் எவரும் ஒரு வாய் மதுவாவது அருந்தியிருப்பார்களா என்பது ஐயமே.