அதே உருண்டை முகம்

கேள்வி: கொரிய நடிகர் சாங் காங்-ஹோவை எந்த வேடத்துக்கும் பொருந்துகிறவர் என்று புகழ்கிறார்கள். நானும் ஐந்தாறு படம் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே உருண்டை முகம், அதே அசட்டுச் சிரிப்பு. ஒரு கெட்டப்கூட மாறவில்லையே?

பதில்: மாறவில்லைதான். ஒட்டுமீசையை எண்ணி மார்க் போடுவதென்றால் மனிதர் ஃபெயில். கெட்டப் மாறிய படமும் இல்லாமலில்லை. பெற்ற மகனையே அரிசிப் பெட்டியில் அடைத்துச் சாகவிடும் மன்னராகத் தாடியும் ராஜ உடையுமாக 'தி த்ரோன்' (2015) படத்தில் வருகிறார். ஆனால் அதைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) பார்த்தீர்களா? நிஜமாக நடந்த தொடர் கொலைகளை வைத்து எடுத்த படம். சாங் அதில் ஒரு சிற்றூர் போலீஸ்காரர். முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிப்பேன் என்று ஜம்பம் அடிக்கிறவர். முதல் பாதியில் அவர் அடிக்கும் கூத்துக்கு நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். கடைசியில் ரயில் சுரங்கத்து வாசல், கொட்டுகிற மழை. இவன்தான் கொலைகாரன் என்று நம்பிய ஆளுக்கு டி.என்.ஏ. பொருந்தவில்லை என்று அமெரிக்காவிலிருந்து தாள் வந்துவிட்டது. அவன் கண்ணையே உற்றுப் பார்க்கிறார். ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் கேட்கிறார்: "வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?"

எழுதி வைத்த வசனம் இல்லை, அவராகச் சேர்த்தது. அங்கேயும் நம் ஊர் மாதிரி 'சாப்பிட்டாயா' என்பதுதான் நலம் விசாரிப்பு. அதைக் கொலைகாரனாக இருக்கக்கூடிய ஒருவனிடம் கேட்டால் என்ன அர்த்தம்? திட்டா, இரக்கமா, கையாலாகாத்தனமா? மூன்றும் அந்த ஒரே முகத்தில் இருக்கிறது. சிரிக்க வைத்த அதே முகம் என்பதால்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. விக் மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

'தி ஹோஸ்ட்'டில் (2006) மகளை ஆற்று மிருகத்திடம் பறிகொடுத்த அப்பா. துக்கம் அனுசரிக்கும் கூடத்தில் குடும்பமே தரையில் விழுந்து புரண்டு கதறுகிறது. தியேட்டரில் சிரிப்புச் சத்தம். 'தர்ஸ்ட்'டில் (2009) ரத்தம் குடிக்கும் பாதிரியார். நினைவிழந்து கிடக்கும் நோயாளியின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, குழாய் வழியே ரத்தத்தை உறிஞ்சுவார். இளநீர் குடிக்கிற நிதானம்! பேய்ப்படத்தில் கண்ணை உருட்டாமல் நடிக்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

சரி, முகமே தெரியாத வேடம்தான் வேண்டுமா? 'தி ஃபவுல் கிங்' (2000) பாருங்கள். பகலில் வங்கி குமாஸ்தா, ராத்திரியில் முகமூடி மாட்டிய மல்யுத்தக்காரர். அந்த முகமூடிக்கு யாரும் பிரான்ஸின் கான் திரைப்பட விழா விருது கொடுக்கவில்லை. 2022-ல் அங்கே சிறந்த நடிகர் விருதை வாங்கித் தந்தது 'ப்ரோக்கர்'. கைவிடப்பட்ட குழந்தைகளைத் திருட்டுத்தனமாகக் கைமாற்றும் லாண்டரிக்காரர் வேடம், அதே உருண்டை முகம்.