வார்கிராஃப்ட் 3 பற்றி ஆட்டக்காரர்கள் ஏன் இவ்வளவு முரணாகப் பேசுகிறார்கள்? இப்போது வாங்கி ஆடலாமா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி உத்தி விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடிவருவதாகவும், வார்கிராஃப்ட் 3 பற்றி விசாரித்தபோது ஒருவர் அதை இந்த வகையின் உச்சம் என்றும், இன்னொருவர் காசைத் தொலைக்காதே என்றும், மூன்றாமவர் அது உத்தி விளையாட்டே இல்லை என்றும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் 2002 ஜூலையில் வெளிவந்த மூல விளையாட்டையும், அதற்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து வந்த ஃப்ரோசன் த்ரோன் விரிவாக்கத்தையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார். இரண்டாமவர் 2020 ஜனவரியில் வந்த ரீஃபோர்ஜ்ட் என்ற மறுபதிப்பைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாமவருக்கு இந்த விளையாட்டின் அடிப்படைக் கணக்கே ஒத்துவரவில்லை. உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது மூன்றாமவரின் கருத்துதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் ஆடும் விளையாட்டில் வழக்கமான மக்கள்தொகை வரம்பு 200. அதில் பாதிக்கு மேல் விவசாயிகளாக இருந்தாலும், சண்டை என்று வந்தால் திரை நிறைய வீரர்கள் மோதுவார்கள். ஒரு படை அழிந்தால், குடியிருப்பு நன்றாக இயங்கும்வரை அடுத்த படை வந்துகொண்டே இருக்கும். வார்கிராஃப்ட் 3 இல் வரம்பு 100 உணவு, அதாவது உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் பிடிக்கும் இடத்தின் கணக்கு. அதையும் முழுதாகத் தொட வேண்டாம் என்று விளையாட்டே உங்களைத் தடுக்கிறது. உணவுக் கணக்கு 50ஐத் தாண்டியவுடன் உங்களுக்கு வரும் தங்கத்தில் 30 விழுக்காடு காணாமல் போகிறது. 80ஐத் தாண்டினால் 60 விழுக்காடு போகிறது. இதற்குப் பெயர் அப்கீப். படை வைத்திருப்பதற்கான வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்காரன் சுரங்கத்திலிருந்து ஒவ்வொரு நடைக்கும் 10 தங்கம் கொண்டுவருவான். இந்த 60 விழுக்காடு வரியில் உங்கள் கைக்கு வருவது வெறும் 4 தான். ஆனால் சுரங்கத்தில் குறைவது 10 தான். மீதி ஆறும் யாருக்கும் பயனில்லாமல் மறைந்துவிடும். பெரிய படை கட்டியவனுக்குச் சுரங்கமும் வேகமாகத் தீரும், கஜானாவும் நிறையாது.

இதை நான் கற்றுக்கொண்டது 2006 வாக்கில், பொறியியல் கல்லூரி விடுதியில். சன்னல் வழியாக அறைக்கு அறை கேபிள் இழுத்து லான் போட்டு ஆடிய காலம். அதுவரை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பழக்கத்தில் இருந்த நான், ஆட்டத்தில் தேர்ந்தெடுக்கக்கூடிய இனங்களில் ஆர்க் இனத்தை எடுத்து, ஹீரோ எனப்படும் தலைமை வீரனைப் பெயருக்கு ஒன்று வைத்துக்கொண்டு, கிரண்ட் என்ற அடிப்படை வீரர்களாகவே செய்து குவித்தேன். உணவு 82. எதிரே ஆடிய சீனியர் அண்ணன் கடைசிவரை 50ஐத் தாண்டவே இல்லை. அவருடைய ஹீரோ ஆர்ச்மேஜ் ஐந்தாம் நிலையில் இருந்தான், கூடவே மவுண்டன் கிங் என்ற இன்னொரு ஹீரோவும் இருந்தான். என்னுடைய ஹீரோ இரண்டாம் நிலை. முதல் மோதலில் என் பக்கம் சாய்வது போலத் தெரிந்தபோது அவர் டவுன் போர்ட்டல் என்ற மந்திரச் சுருளை விரித்துப் படையோடு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த மோதலில் என் படை கரைந்தது. மறுபடி கட்டக் கஜானாவில் தங்கம் இல்லை. திரையின் வலது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதுதான் அப்கீப் நிலை. அதுவரை அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அன்று நான் "இது என்ன உத்தி விளையாட்டு, படை கட்டினால் தண்டனையா?" என்றுதான் கத்தினேன். உங்கள் மூன்றாமவர் சொல்வதும் ஏறக்குறைய இதே. பேரரசு கட்டுவதில் சுகம் காண்பவர்களுக்கு இந்த வரி ஓர் அவமதிப்பாகவே தெரியும், அதில் தவறும் இல்லை. ஆனால் இந்த விதி ஒரு குறைபாடு என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மற்ற எல்லா விதிகளும் இதோடு கோத்து வைக்கப்பட்டவை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு மிலிஷியா வீரனின் உயிர் 40. எதிரி மிலிஷியா பத்து வெட்டில் அவனை முடித்துவிடுவான். இங்கே மனிதர்களின் ஃபுட்மேனுக்கு உயிர் 420. இன்னொரு ஃபுட்மேன் அவனைத் தனியாக வீழ்த்த முப்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் வேண்டும். ஆர்க்கின் கிரண்டுக்கு உயிர் 700. ஒருவன் சாவதற்கு இவ்வளவு நேரம் எடுப்பதால்தான், அடிபட்டவனைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றுவது, எதிரியின் ஒற்றை வீரனைச் சுற்றி வளைத்துத் தப்ப விடாமல் செய்வது, மந்திரத்தைச் சரியான நொடிக்கு வைத்திருப்பது ஆகிய மைக்ரோ வேலைகளுக்கெல்லாம் பொருள் வருகிறது. ஆளைச் செலவழித்து வெல்லும் ஆட்டம் இல்லை இது. இருக்கிற இருபது பேரை விடாமல் பிழைக்க வைக்கிற ஆட்டம்.

இதன் நடுவில் இருப்பவர்கள் ஹீரோக்கள். அதிகபட்சம் மூவரை வைத்துக்கொள்ளலாம். முதல் ஹீரோவுக்குத் தங்கமோ மரமோ கொடுக்க வேண்டியதில்லை, ஐந்து உணவு மட்டும் கணக்கில் ஏறும். சண்டையில் அனுபவம் சேர்த்து நிலை உயரும். பத்து நிலைகள் உண்டு, ஆறாம் நிலையில் பெரிய மந்திரம் திறக்கும். வரைபடம் முழுக்கப் பரவிக் கிடக்கும் கிரீப் எனப்படும் காட்டு மிருகங்களையும் கொள்ளையரையும் கொன்று அனுபவமும் பொருள்களும் சேர்க்கலாம், ஆனால் ஹீரோ ஐந்தாம் நிலையை அடைந்த பிறகு கிரீப்புகளிடமிருந்து ஒரு புள்ளியும் கிடைக்காது. அதற்கு மேல் வளர எதிரியோடு மோதித்தான் ஆக வேண்டும். ஆட்டம் தூங்கிப் போகாமல் இருப்பதற்கு இந்த ஒரு விதி செய்யும் வேலை பெரிது. எதிராளி எந்த இடத்தில் கிரீப் அடித்துக்கொண்டிருப்பான் என்று கணித்து, அவன் பாதி உயிரில் நிற்கும்போது போய் விழுவது இந்த விளையாட்டின் தனி இன்பம் என்பேன். இரவில் கிரீப்புகள் உறங்கும் என்பதும், நைட் எல்ஃப் இனப் பெண்கள் அசையாமல் நின்றால் இருளில் மறைந்துவிடுவார்கள் என்பதும் சேரும்போது, கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடும் பழக்கம் தானாக வந்துவிடும்.

ஹீரோக்களைப் பற்றிய குறைகளில் நியாயமானவையும் உண்டு. கிரீப் கீழே போடும் பொருள் ஒரு பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வருவது. உங்கள் ஆர்க் ஹீரோவான பிளேட்மாஸ்டருக்கு உதவாத மந்திரக்கோலும், எதிராளிக்குத் தாக்குதலைக் கூட்டும் நகமும் விழுந்தால், இருவரும் ஒரே அளவு திறமையோடு ஆடியும் தராசு சாய்ந்துவிடும். இரண்டாவது, சறுக்கல் பெருகும் தன்மை: ஹீரோ ஒருமுறை செத்தால் எதிரிக்கு அனுபவம் போகிறது, அவனை உயிர்ப்பிக்க உங்கள் தங்கம் போகிறது, அதற்குள் எதிரி இன்னொரு கிரீப் கூட்டத்தை அடித்து முடித்திருப்பான். தோற்றுவிட்டோம் என்று உள்ளுக்குள் தெரிந்த பிறகும் பத்து நிமிடம் ஆட வேண்டியிருப்பது சலிப்பான அனுபவம்தான். மனிதர் இனத்தார் உங்கள் வாசலிலேயே கோபுரங்களைக் கட்டுவதும், பிளேட்மாஸ்டர் மறைந்து வந்து வேலைக்காரர்களைக் கொல்வதும் இருபது ஆண்டுகளாகத் திட்டு வாங்கிவருபவை. நானும் திட்டியிருக்கிறேன். பிறகு ஆர்க் எடுத்து அதையே பிறருக்குச் செய்தும் இருக்கிறேன்.

முதலாமவர் உச்சம் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் கதையாகத்தான் இருக்கும். லார்டெரான் நாட்டின் இளவரசன் ஆர்த்தஸ் தன் மக்களைக் காக்கப் புறப்பட்டு, படிப்படியாகச் சரிந்து போகும் பகுதியை நீங்களே ஆட வேண்டும் என்பதால் மேற்கொண்டு சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். ஸ்ட்ராத்ஹோம் நகரத்துக் கட்டத்தில், நோய் தொற்றிய குடிமக்களை நீங்களே கொல்ல வேண்டும், எதிரி அவர்களைத் தன் பக்கம் மாற்றுவதற்கு முன்பாக. எண்ணிக்கைப் பலகை திரையில் ஓடும். போட்டியில் முந்த வேண்டும் என்ற வேகத்தில் கை பரபரக்கும்போது, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் பின்னாலிருந்து வந்து பிடிக்கும். கதையை வெட்டுக் காட்சியில் சொல்லாமல் விதியாகவே வைத்துச் சொன்ன இடம் அது. இறுதிக் கட்டத்தில் 45 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற ஒற்றைக் கட்டளை. அது முடிந்தபோது எனக்கு விரல் மரத்திருந்தது. உரையாடல்கள் சில இடங்களில் நாடக மேடை வசனம் போல இருக்கின்றன என்ற விமர்சனம் சரியானதே.

மூல விளையாட்டோடு வந்த வரைபடத் தொகுப்பானைக் குறிப்பிடாமல் விட முடியாது. ஆட்டக்காரர்கள் தாங்களே செய்த வரைபடங்களில் ஒன்றுதான் டோட்டா, ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஹீரோவை இயக்கி அணியாக மோதும் ஆட்டம். அதன் வழியில்தான் 2009 இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸும், 2013 இல் தனி விளையாட்டாக டோட்டா 2உம் வந்தன. எங்கள் விடுதியிலும் ஓராண்டுக்குள் மூல ஆட்டத்தை ஆடியவர்கள் மூன்று பேராகக் குறைந்து, மீதிப் பேரெல்லாம் டோட்டா பக்கம் போய்விட்டார்கள். அவர்களில் பலர் இன்று வார்கிராஃப்ட் 3ஐப் புகழும்போது டோட்டாவைத்தான் புகழ்கிறார்கள். வாங்குவதற்கு முன் இதையும் கேட்டுத் தெளிவது நல்லது.

இனி ரீஃபோர்ஜ்ட். 2018 இல் அறிவித்தபோது, நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கதைக் காட்சிகள் புதிதாக அமைக்கப்படும் என்று இதைத் தயாரித்த பிளிஸார்ட் நிறுவனம் சொல்லியிருந்தது. வெளிவந்ததில் பெரும்பாலானவை பழைய கோணங்களிலேயே இருந்தன. அதைவிட ஆட்டக்காரர்களைக் கொதிக்க வைத்தது வேறொன்று. பழைய விளையாட்டை வைத்திருந்தவர்களும் நிறுவனத்தின் சேவையகத்தில் ஆட வேண்டுமானால் புதிய நிரலுக்கு மாற வேண்டும் என்றானது. அந்தப் புதிய நிரலிலோ தரவரிசைப் போட்டியும், குழுக்களும், ஆட்டக்காரர் விவரப் பக்கமும் இல்லை. வாங்காதவனும் இழந்தான் என்பதுதான் கோபத்தின் வேர். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பயனர் மதிப்பெண் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே விழுந்தது. கேட்டவர்களுக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மதிப்பெண் ஒரு விளையாட்டின் தரத்துக்குக் கொடுத்தது என்று நீங்கள் படித்தால் ஏமாந்துவிடுவீர்கள். அது பெரும்பாலும் ஒரு நடத்தைக்குக் கொடுத்த மதிப்பெண். ஹீரோக்கள், அப்கீப், கிரீப் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன.

நிலைமை இப்போது அன்றைப் போல இல்லை. 2022 இல் தரவரிசைப் போட்டி திரும்பி வந்தது. 2024 நவம்பரில் 2.0 பதிப்பு வந்தது. அதற்கெல்லாம் முன்பே ஆட்டக்காரர்கள் தாங்களாகவே டபிள்யூ3சாம்பியன்ஸ் என்ற போட்டித் தளத்தை அமைத்துக்கொண்டு ஆடத் தொடங்கியிருந்தார்கள், முறையாக ஆடுபவர்கள் இன்றும் அங்கேதான் அதிகம். சீனாவில் இந்த விளையாட்டுக்கு இருக்கும் பற்று தனி வகை. ஸ்கை என்ற பெயரில் ஆடிய லீ சியாவ்ஃபெங் 2005, 2006 இரண்டு ஆண்டுகளும் உலக சைபர் விளையாட்டுப் போட்டியில் வென்றது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தென்கொரியாவின் மூன், நெதர்லாந்தின் கிரப்பி ஆகியோரின் பழைய ஆட்டங்களையும் தேடிப் பாருங்கள். உயிர் வெறும் நாற்பது மிச்சமிருக்கும் ஹீரோவை எதிரிகள் நடுவிலிருந்து அவர்கள் வெளியே கொண்டுவரும் விதத்தைப் பார்த்தால், மேலே நான் நீட்டி முழக்கிய அப்கீப் விளக்கம் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆகவே, வாங்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. வாங்கியதும் அமைப்புகளில் போய்ப் பழைய வரைகலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிய உருவங்கள் அருகில் பார்க்க அழகாக இருந்தாலும், நெரிசலான சண்டையில் யார் எவன் என்று பிரித்தறிவது கடினம். பழைய உருவங்கள் கட்டைகுட்டையாக, தடித்த வண்ணத்தில் இருப்பதால் கண் உடனே பிடித்துக்கொள்ளும். அடுத்து, கதைப் பகுதி முழுவதையும் முடிக்கும்வரை இணையத்தில் மற்றவரோடு ஆடாதீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் பதினைந்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், முதல் பத்து ஆட்டம் தோற்பது நிச்சயம். பிறகு எந்த இனத்தில் தொடங்குவது என்றால் ஆர்க் என்பேன். 700 உயிர் உள்ள கிரண்ட், நீங்கள் சற்றுத் தாமதமாகப் பின்னுக்கு இழுத்தாலும் பிழைத்துக்கொள்வான். அன்டெட் இனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இனத்து ஹீரோ டெத் நைட்டின் குணமாக்கும் மந்திரத்தை நொடி பிசகாமல் ஏவத் தெரிய வேண்டும், அதற்குக் கை பழக எனக்கே ஒரு பருவத் தேர்வு விடுமுறை முழுதும் போனது.