சாம்பலுக்கும் ஒரு கல்லறை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கத்தோலிக்கர்கள். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், முப்பது வருடமாகச் சென்னையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 78 வயது, பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. “எனக்காகக் குழி தேடி அலையாதீங்க, மின்மயானத்துல வெச்சிடுங்க” என்று போன மாதம் உறுதியாகச் சொல்லிவிட்டார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை என்கிறார்கள். ஊரில் தாத்தாவின் கல்லறை இருக்கிறது. அத்தை கேட்டதிலிருந்து அழுகிறார்: “உடம்பை எரிச்சிட்டா கடைசி நாள்ல எங்கண்ணன் எதைக்கொண்டு எழும்புவாரு?” பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தே நண்பர், எரிப்பது இந்து வழக்கம், கிறிஸ்தவனுக்கு ஆகாது என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி பாதிச் சாம்பலை எடுத்துப்போகிறேன், மீதியை வேளாங்கண்ணிக் கடலில் கரைத்துவிடலாம் என்கிறான். எரிப்பது பாவமா? பூசை வைப்பார்களா? சாம்பலை என்ன செய்வது?

அன்புடன்,
ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

பாவமல்ல. பூசை உண்டு. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1176ஆம் எண், மூன்றாம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: உடலை அடக்கம் செய்யும் வழக்கத்தையே திருச்சபை மனமாரப் பரிந்துரைக்கிறது, எரியூட்டலைத் தடுக்கவில்லை. கிறிஸ்தவப் போதனையை மறுப்பதற்காகவே ஒருவர் எரியூட்டலைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் தடை. இறந்தோர் கடைசி நாளில் எழுவார்கள் என்ற உயிர்ப்பை உங்கள் அப்பா மறுக்கவில்லை. பிள்ளைகள் அலையக் கூடாது என்கிறார். அடக்கத் திருப்பலியிலோ குரு ஆசீர் வழங்கும் மந்திரிப்பிலோ நினைவுப் பூசையிலோ எதுவும் குறையாது.

உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் கேட்டிருக்கும் கேள்விதான் கனமானது. எரிப்பதில் திருச்சபை இடம் கொடுத்துவிட்டது. சாம்பல் எங்கே போகிறது என்பதில் அது இன்றைக்கும் கண்டிப்பாக இருக்கிறது. அதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் அத்தை.

அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 1876இல் இத்தாலியின் மிலான் நகரில் தகனக்கூடம் வந்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் பலர் ஃப்ரீமேசன்கள் என்ற இரகசியச் சங்கத்தார், திருச்சபையை எதிர்த்தவர்கள். உடலோடு எல்லாம் முடிந்தது என்று உலகுக்குக் காட்டும் அடையாளமாகவே அவர்கள் எரியூட்டலைப் பரப்பினார்கள். அதனால் 1886இல் ரோமையிலுள்ள திருச்சபைத் தலைமை அதைத் தடை செய்தது. 1917இன் சட்டத் தொகுப்பு இன்னும் கடுமை: தன் உடலை எரிக்கச் சொல்லி உயில் எழுதினாலும் அதை நிறைவேற்றக் கூடாது, அந்த முடிவிலேயே இறந்தவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு இல்லை. 1963இல்தான் அது தளர்ந்தது. அத்தையின் பெற்றோர் கேட்டு வளர்ந்தது அந்தப் பழைய சட்டத்தை. அது அப்படியே அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அந்தத் தடை இருந்த காலத்திலும்கூட, எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாது என்று திருச்சபை ஒருநாளும் போதித்ததில்லை. கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில், விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சிகளைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இவர்களுக்கு இனி உயிர்ப்பு என்ற நம்பிக்கையே இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்த மறைசாட்சிகளைத் திருச்சபை இன்றும் புனிதர்களாகக் கொண்டாடுகிறது. 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்டு, புதைக்க ஆளில்லாமல் உடல்கள் கிடந்தபோது புனித அகுஸ்தீன் எழுதியதும் இதுதான்: அடக்கம் கிடைக்காததால் இறந்தவருக்கு நட்டமில்லை, ஆனாலும் அந்த உடலை அலட்சியம் செய்ய நமக்கு உரிமையில்லை. அத்தையிடம் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். விதைப்பது ஒன்று, எழுவது வேறொன்று என்று பவுல் சொல்கிறார். கடலில் போய்த் திரும்பாதவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்? அவர்கள் எழுவார்கள் என்பதில் அத்தைக்குச் சந்தேகம் இருக்காது.

பக்கத்து வீட்டு நண்பருக்கு இரண்டு பதில். தமிழ்நாட்டில் எரிப்பதும் புதைப்பதும் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் இடத்தில், சுடுபவர்கள், குழியில் படுக்கவைப்பவர்கள், தாழியில் கவிப்பவர்கள் எல்லோரும் ஒரே சுடுகாட்டில் வருகிறார்கள். உங்கள் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் அந்தத் தாழிகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது பதில் விவிலியத்தில் இருக்கிறது. சாமுவேல் முதல் நூலின் கடைசி அதிகாரத்தில், பெலிஸ்தியர் பெத்சான் மதிலில் மாட்டிவைத்த சவுலின் உடலையும் அவன் மைந்தர் உடல்களையும் யாபேசு ஊரார் இரவோடு இரவாக நடந்துபோய் இறக்கிவந்து எரித்தார்கள். எலும்புகளைப் பொறுக்கி ஒரு மரத்தடியில் புதைத்து ஏழு நாள் நோன்பிருந்தார்கள். பின்னாளில் தாவீது அந்த எலும்புகளை எடுத்துவந்து சவுலின் தந்தை கீசின் கல்லறையிலேயே அடக்கம் செய்ததாக இரண்டாம் நூல், 21ஆம் அதிகாரம் சொல்கிறது. எரித்தபின் எலும்பைக் குடும்பக் கல்லறைக்குக் கொண்டுவருவது அவ்வளவு பழையது. உங்கள் வீட்டுச் சிக்கலுக்கான வழியும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

(மற்ற சபைகளைப் பற்றி இரண்டு வரி. ரோமையைப் போல எல்லோருக்குமான மையச் சட்டம் சீர்திருத்த சபைகளுக்குக் கிடையாது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் வில்லியம் டெம்பிள் 1944இல் இறந்தபோது எரியூட்டப்பட்டார். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இன்றும் எதிர்க்கிறது. அந்த நாட்டில் சட்டம் 2006இலேயே அனுமதித்தும், முதல் தகனக்கூடம் 2019இல்தான் திறந்தது.)

இனி சாம்பல். 2016இல் ரோமையிலிருந்து வந்த அறிவுரை இது: சாம்பலைக் கல்லறைத் தோட்டத்திலோ, கோவிலிலோ, இதற்கென ஒதுக்கிய புனித இடத்திலோ வைக்க வேண்டும். வீட்டில் வைக்கக் கூடாது. காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது. குடும்பத்தார் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. லாக்கெட்டில் அடைத்து அணியக் கூடாது. காரணம் எளிது. வீட்டு அலமாரியில் இருக்கும் கலயத்தை மகன் பார்த்துக்கொள்வான். பேரன் வீடு மாறும்போது அது என்னவென்றே யாருக்கும் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் இருந்தால், கல்லறைத் திருநாளில் முன்பின் தெரியாத ஒருவர்கூட அந்தப் பெயரைப் பார்த்துச் செபம் சொல்வார். இறந்தவரைக் குடும்பத்தின் சொத்தாக அல்ல, சபையின் உறுப்பினராகத் திருச்சபை பார்க்கிறது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

2023 டிசம்பரில் ஒரு சிறு தளர்வு வந்தது. பலருடைய சாம்பலை ஒரே புனித இடத்தில் சேர்த்து வைக்கலாம், ஒவ்வொருவர் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாம்பலின் மிகச் சிறு பகுதியை, இறந்தவரின் வாழ்க்கையோடு தொடர்புள்ள இடத்தில் வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி பரிசீலிக்கலாம். ‘கேட்டால்’, ‘பரிசீலிக்கலாம்’ என்பவற்றை உங்கள் தம்பி கவனிக்க வேண்டும். பாதி என்பது சிறு பகுதி ஆகாது. வேளாங்கண்ணிக் கடலும் கூடாது. மாதாவின் கடல் என்றாலும் அது தூவுவதுதான். இந்து சமயத்தில் அஸ்தி கரைப்பதற்கு அதற்கே உரிய பொருளும் மரியாதையும் உண்டு. அதை நாம் பாதி புரிந்துகொண்டு எடுத்தாள்வது இரு பக்கத்துக்கும் நல்லதல்ல.

தம்பிக்கு இதைவிட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. உடல் காத்திருக்காது, சாம்பல் காத்திருக்கும். அவர் விடுப்புப் போட்டு வந்து சேர்ந்தபின் சாம்பலை அடக்கம் செய்யலாம். அதுவரை கோவிலிலோ பங்கு இல்லத்திலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். வரிசை முக்கியம். உடல் இருக்கும்போதே கோவிலில் திருப்பலி, பிறகு மயானம், பிறகு சாம்பல் அடக்கம். நேரமில்லை என்று உடலை நேரே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டுப் பிறகு பூசை வைப்பது பலர் செய்யும் தவறு. தீர்த்தம் தெளிப்பதும் தூபம் காட்டுவதும் ஞானஸ்நானம் பெற்ற அந்த உடலுக்கு. உடல் இல்லாதபோது சடங்கின் பாதி அர்த்தம் போய்விடுகிறது. மயானத்தின் நேரத்தைப் பதிவு செய்யுமுன் பூசை நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேஸ்மேக்கரைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரி உலைச் சூட்டில் வெடிக்கும். உலையும் சேதமாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. மருத்துவமனையில் இறந்தால் உடலை வாங்குமுன்பே சொல்லுங்கள். வீட்டில் இறந்தால், சான்றிதழ் தர வரும் மருத்துவரிடம் அப்போதே கேளுங்கள். பலரும் இதை மயான வாசலில்தான் நினைவுகூர்கிறார்கள். செயற்கை மூட்டு இருந்தால் விட்டுவிடலாம். அது எரியாமல் சாம்பலோடு கிடக்கும், பிறகு தனியே எடுத்துவிடுவார்கள்.

நம் ஊர் தகன மேடைகள் பலவற்றில் பெட்டியோடு உள்ளே வைக்க மாட்டார்கள். உடலை எடுத்துத் தட்டில் கிடத்துவார்கள். இது தெரியாமல் விலையுயர்ந்த தேக்குப் பெட்டி வாங்கியவர்கள் அங்கே திகைத்து நிற்பார்கள். கோவிலுக்கு எளிய பெட்டி போதும். உடுத்துவது பருத்தி வேட்டி, பருத்திச் சட்டையாக இருக்கட்டும். கையில் சுற்றிய செபமாலையை உள்ளே அனுப்பும் முன் கழற்றிவிடுங்கள். கண்ணாடி மணிகள் உருகி விரலெலும்போடு ஒட்டிக்கொள்ளும், உலோகச் சிலுவை கறுத்துப்போய் வரும். அந்தச் செபமாலை அத்தையிடம் இருந்தால் அவருக்கும் ஆறுதல்.

உலையின் சூடு 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு. பெரியவர் ஒருவருக்கு மிஞ்சுவது இரண்டு முதல் மூன்று கிலோ. சாம்பல் என்று சொன்னாலும், அது விறகுச் சாம்பல் மாதிரி இருக்காது. பெரும்பகுதி வெளுத்த எலும்புத் துண்டுகள், தொட்டால் சுண்ணாம்புக் கட்டி போல நொறுங்கும். மேலைநாடுகளில் அதை இயந்திரத்தில் அரைத்துப் பொடியாக்கித் தருவார்கள். இங்கே பெரும்பாலும் துண்டுகளாகவே கலயத்தில் இட்டுத் தருவார்கள். இணையத்தில் விற்கும் அழகான கலசங்கள் அரைத்த பொடிக்கு அளவெடுத்தவை, ஏறத்தாழ மூன்று லிட்டர், குறுகிய வாய். தொடையெலும்புத் துண்டு அதில் இறங்காது. கடைசி நேரத்தில் கையால் உடைக்கும்படி ஆகிவிடும். யாருக்கும் அந்த நிலை வர வேண்டாம். ஐந்து லிட்டர் கொள்ளும் வாயகன்ற மண்பானை, மூடியோடு, முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். மயான ஊழியர் வழக்கப்படி பால் தெளிக்கவோ ஆற்றில் கரைக்கவோ ஏற்பாடு செய்வார். நாங்கள் கல்லறையில் வைக்கப்போகிறோம் என்று முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

வைக்கும் இடம் இரண்டில் ஒன்று. சாம்பல் மாடம் இருக்கும் கல்லறைத் தோட்டம் கிடைத்தால், சுவரில் ஒரு மாடம். ஆங்கிலத்தில் இதைக் கொலம்பேரியம் என்பார்கள், லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் புறாக்கூடு என்று பொருள். மாட வாயின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு பானை வாங்குங்கள். எத்தனை ஆண்டுக்கு, அதன்பின் சாம்பல் எங்கே போகும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி, தாத்தாவின் கல்லறை. பெட்டி இருக்கும் ஆழம்வரை தோண்ட வேண்டியதில்லை. தலைமாட்டில் இரண்டடி ஆழம், ஒன்றரை அடி அகலம் போதும். மண்பானை மண்ணோடு மண்ணாகிவிடும். சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டாம். கல்லறை மேல் கிரானைட் பதித்திருந்தால் ஓரப் பலகை ஒன்றைப் பெயர்க்க வேண்டியிருக்கும், கொத்தனாரிடம் முன்பே காட்டிவிடுங்கள். சென்னைப் பங்குத்தந்தையின் கடிதமும், ஊர்ப் பங்குத்தந்தையின் சம்மதமும் தேவை. ஊர் வரி பாக்கி இருந்தால் இப்போதே கட்டிவிடுங்கள், துக்க வீட்டில் அந்தப் பேச்சு வர வேண்டாம். உடலை 600 கிலோமீட்டர் கொண்டுபோக ஆம்புலன்ஸும் ஐஸ் பெட்டியும் வேண்டும். பானையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போகலாம்.

இது புதுமை என்று ஊரில் யாராவது சொன்னால், கேரளத்தைக் காட்டுங்கள். 2020 ஜூலையில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் கோவிட்டில் இறந்தவர்களை எரித்து, சாம்பலைப் பங்குக் கல்லறையில் அடக்கம் செய்ய அனுமதித்தது. அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். நோய்க்கால விதி கேட்ட ஆழத்துக்குக் குழி வெட்டினால் தண்ணீர் ஊறிவிடும்.

அப்பா தெளிவாக இருக்கும்போதே ஒரு தாளில் அவர் கையால் எழுதி வாங்குங்கள்: உயிர்ப்பில் நம்பிக்கையோடு எரியூட்டலை விரும்புகிறேன், என் சாம்பலை இன்ன கல்லறையில் அடக்கம் செய்யுங்கள். ஒரு பிரதி பங்குத்தந்தையிடம், ஒன்று தம்பியிடம். கொடுக்கும்போது தயக்கமில்லாமல் கேளுங்கள், பங்குத்தந்தைக்கு இது புதுக் கேள்வியாக இருக்காது. அந்தத் தாளை எழுதும்போது அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும். தாத்தாவின் கல்லறைப் பலகையில் அண்ணன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறதா என்று அவரையே ஊருக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்