மகனின் பெயர் ஃபைலில் இல்லை: அதை முதலில் பாருங்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டபின் மனைவியையும் மகளையும் சேர்த்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து 3 வருடம் முடிந்துவிட்டது. அப்போது மகளுக்கு 2 வயது, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கோல் எடுத்தால் "அப்பா வாறன் வாறன் எண்டு பொய் சொல்லுறார்" என்று போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள். கனடாவில் வேறு குடும்பம் வைத்திருக்கிறேனோ என்று மாமி கேட்கிறார். எம்.பி. அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதியும் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில்தான். இரண்டு வருடத்துக்கு முன், அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் கனேடியப் பயண ஆவணத்தில் இந்தியா போய், திருச்சியில் குடும்பத்தைச் சந்தித்தேன். அதற்குப் பிறகு மகன் பிறந்தான், 14 மாதம் ஆகிறது. இப்போது அவனைச் சேர்த்தால் ஃபைல் அடிக்குப் போய்விடும், லாண்டட் ஆனபின், அதாவது நிரந்தர வதிவிடம் கிடைத்தபின், தனியாகக் கூப்பிடலாம் என்று ஃபைல் போட்டுத் தந்தவர் சொன்னார். இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து நல்லூர்த் திருவிழாவோடு போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வா என்கிறார் சித்தப்பா. இந்தத் தாமதத்துக்காகக் குடிவரவுத் துறைமீது வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. 14 மாதப் பிள்ளை ஒன்று இருக்கிறது, அந்தப் பிள்ளை ஃபைலில் இல்லை. மாமியின் பேச்சும் எம்.பி. அலுவலகத்தின் பதிலும் உங்களைச் சுடும், அது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றால் உங்கள் ஃபைலில் எதுவும் மாறப்போவதில்லை. இந்த வரியால் மாறும். இதை அப்படியே விட்டால் உங்கள் மகனைக் கனடாவுக்குக் கூப்பிடும் உரிமையை நீங்கள் வாழ்நாளுக்கும் இழக்கக்கூடும்.

"லாண்டட் ஆனபின் தனியாகக் கூப்பிடலாம்" என்று உங்களுக்குச் சொன்னவர் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். குடிவரவு ஒழுங்குவிதி 117(9)(டி) என்ன சொல்கிறது? நீங்கள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்த காலத்தில் உங்களுக்கு இருந்த குடும்ப அங்கத்தவர் ஒருவர் அதிகாரியால் பரிசோதிக்கப்படவில்லை என்றால், பிறகு அவரைக் குடும்ப வகுப்பில், அதாவது நெருங்கிய உறவினர் என்ற முறையில், ஸ்பொன்சர் செய்து கூப்பிட முடியாது. விண்ணப்பம் போட்ட நாளில் பிள்ளை பிறக்கவே இல்லையே என்று கேட்பீர்கள். என் மேசைக்கு வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். விண்ணப்பித்த காலம் என்பது ஃபைல் போட்ட ஒரு நாள் அல்ல, அன்று தொடங்கி நிரந்தர வதிவிடம் கைக்கு வரும் நாள்வரை உள்ள முழுக் காலம் என்று ஃபெடரல் மேல்முறையீட்டு மன்றம் 2006இல் தீர்த்துவிட்டது. ஒளிக்கும் எண்ணத்தோடு செய்தீர்களா, யாரோ சொன்னதை நம்பிச் செய்தீர்களா என்பதை இந்த விதி பார்ப்பதில்லை. 2005இல் அதே மன்றம் இந்த விதி செல்லும் என்றும் சொல்லிவிட்டது.

நான் பார்த்த குடும்பங்களில் இது எப்படி முடிகிறது தெரியுமா? தகப்பனுக்கு பீ.ஆர். (நிரந்தர வதிவிடம்) வரும். சில மாதத்தில் மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் விசா வரும். அப்போதுதான் சின்னவனை என்ன செய்வது என்ற கேள்வி வீட்டுக்குள் வெடிக்கும். பாதுகாக்கப்பட்டவர்களின், அதாவது உங்களைப்போல் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களின், குடும்பம் பீ.ஆர். வந்தபின் விசாவுக்கு விண்ணப்பிக்க உள்ள ஒரு வருட வாய்ப்பு, விண்ணப்பத்தில் பெயர் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான். அதனால் தாய் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றதை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறுகிறாள். அவளும் அதே ஃபைலில் வந்தவள் என்பதால், வந்தபின் அவளாலும் அவனை ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஸ்பொன்சர் மறுக்கப்பட்டு மேல்முறையீட்டுக்குப் போனால், அங்கே மனிதாபிமானக் காரணங்களைக் கேட்கவே சட்டம் இடம் கொடுப்பதில்லை. மிஞ்சுவது குடிவரவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் ஒரு மனிதாபிமான விண்ணப்பம். அதில் பிள்ளையின் நலனைப் பார்ப்பார்கள். ஆனால் அது உரிமை இல்லை, அதிகாரியின் முடிவு. அதற்குள் தாயின் முகம் மறந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2019 செப்டம்பரில் இப்படி விடுபட்டவர்களில் சிலருக்காக ஒரு தற்காலிகக் கொள்கை வந்தது, பிறகு நீட்டிக்கவும்பட்டது. அதைச் சாட்டாகச் சொல்லி "பிறகு பார்க்கலாம்" என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிகக் கொள்கையை அமைச்சர் எந்த நேரமும் முடித்துக்கொள்ளலாம். மேலும், தெரிந்துகொண்டே பிள்ளையை மறைத்தது தவறான தகவல் என்ற 40ஆம் பிரிவுக்குள்ளும் போகலாம். அங்கே தண்டனை 5 வருடத் தடை, கிடைத்த பீ.ஆரும் போகலாம்.

ஆகவே இந்தக் கிழமையே மகனைச் சேருங்கள். குடிவரவுத் திணைக்களத்தின் வெப் ஃபோம் (இணையப் படிவம்) வழியாக ஃபைல் இலக்கத்தோடு ஒரு கடிதம், பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், புதுக்கிய குடும்ப விபரப் படிவம். கடிதத்தில் உண்மையை இரண்டு வரியில் எழுதுங்கள்: பிள்ளை இந்தத் திகதியில் பிறந்தது, சேர்க்காமல் விட்டது தவறான ஆலோசனையால். முறைப்பாடுகளை அதற்குள் எழுதவேண்டாம். அனுப்பியதற்கான உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். ஃபைல் போட்டுத் தந்தவர் இன்னும் உங்கள் பிரதிநிதியாகப் பதிவில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பதில் அவருக்குத்தான் போகும்.

இதில் இன்னொரு இடத்திலும் சனம் விழுகிறது. பெயரைப் போட்டுவிடுவார்கள், மெடிக்கல் செய்யமாட்டார்கள். "சின்னப்பிள்ளை, இப்போதைக்கு வரப்போவதில்லை" என்பார்கள். விதி கேட்பது பெயரை மட்டும் அல்ல, பரிசோதனையையும்தான். உடனே வராத பிள்ளைக்கும் மெடிக்கல் வேண்டும். மெடிக்கல் பொதுவாக 12 மாதம்தான் செல்லும். ஆகவே மனைவியும் மகளும் திரும்பச் செய்யவேண்டி வரலாம்.

மகனைச் சேர்ப்பதால் ஃபைல் சில மாதம் பிந்தலாம், இதை உங்களிடம் மறைக்கமாட்டேன். பிந்தட்டும்.

திருச்சிப் பயணத்தைப் பற்றிப் பயப்படவேண்டாம். பிள்ளை எங்கே, எப்போது உருவானது என்று அதிகாரி கணக்குப் பார்ப்பார் என்ற பயத்தில்தான் பலர் பிள்ளையையே மறைக்கிறார்கள். நீங்கள் கனேடியப் பயண ஆவணத்தில், இலங்கை அல்லாத ஒரு நாட்டுக்குப் போனீர்கள். அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள். விசாவையும் பயண முத்திரைகளையும் பிரதி எடுத்து வையுங்கள்.

சித்தப்பா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலே, அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்கள் மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று அனுமானிக்க அது போதும். அதில் யாழ்ப்பாணமும் போய்வந்தால் அகதி நிலையை நிறுத்தக் கோரும் வழக்கு வரலாம். தோற்றால் உங்கள் விண்ணப்பமும் அதில் தொங்கும் மூன்று பேரின் விண்ணப்பமும் சேர்ந்தே போகும். 2012 டிசம்பரிலிருந்து, பீ.ஆர். கிடைத்தவர்களுக்கும் இதே ஆபத்துத்தான். அகதி நிலை போனால் பீ.ஆரும் போகும், குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவும் வழியில்லை. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்று 2022இல் ஃபெடரல் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது உண்மை. அது வழக்கு வந்தபின் வாதாட உதவும், வழக்கு வராமல் தடுக்காது. "எல்லோரும் போய்வருகிறார்கள்" என்பவர்கள் பெரும்பாலும் குடியுரிமை எடுத்தவர்கள், அவர்களின் நிலை வேறு. பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்றால் திரும்பவும் பயண ஆவணத்தில் இந்தியா போங்கள்.

வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். தாமதத்துக்கு எதிராக ஃபெடரல் மன்றத்தில் கேட்பது மண்டாமஸ் கட்டளை, அதாவது திணைக்களம் தன் கடமையைச் செய்து முடிவெடுக்கவேண்டும் என்ற உத்தரவு. அங்கே மூன்று கேள்வி: இந்த வேலைக்கு வேண்டியதைவிட அதிக காலம் எடுக்கிறதா, தாமதத்தில் உங்கள் பங்கு இருக்கிறதா, திணைக்களத்திடம் திருப்தியான விளக்கம் இருக்கிறதா. 14 மாதமாக ஒரு பிள்ளையைச் சொல்லாமல் வைத்திருப்பவர் இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? மகன் சேர்ந்து, மெடிக்கல் முடிந்து, அதன்பிறகும் ஃபைல் அசையாமல் கிடந்தால் அப்போது வாருங்கள், போடுவோம்.

கடைசியாக மாமி. அவரோடு யார் சரி யார் பிழை என்று கதைப்பதை இன்றோடு நிறுத்திச் சமாதானம் ஆகுங்கள். மனைவி இருப்பது அவர் வீட்டில். பிறப்புச் சான்றிதழ் அங்கே. பிள்ளையை மெடிக்கலுக்குக் கொண்டுபோகப் போவதும் அந்த வீட்டு ஆட்கள்தான். இன்று இரவு கோல் எடுத்து, சான்றிதழில் தகப்பன் பெயர் எழுதியிருக்கிறதா, உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு சரியாக இருக்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். பெயர் இல்லாமலோ வேறு மாதிரியோ இருந்தால் மரபணுப் பரிசோதனை கேட்க வாய்ப்பு உண்டு. அதை எங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.